மொழிக்கு உரியவர் யாவர்?

இந்நாட்டுப் பள்ளிகளிற் பயிலும் நம் பிள்ளைகளுள் ‘காமுஸ்’ என்னுஞ் சொல்லை அறியாதவர் இரார். மலாய் மொழியில் அகராதிக்கு அதுவே பெயர். 1970ஆம் ஆண்டில் டேவான் பஹாசா டான் புஸ்தாகா வெளியிட்ட பேரகராதியும் ‘காமுஸ் டேவான்’ என்றே வழங்கலாயிற்று. நம் பிள்ளைகள் நாடோறும் புத்தகப் பையிற் சுமந்து செல்லும் இச்சொல் எங்கிருந்து வந்தது என்று வினவிப் பார்மின். பிள்ளைகள் மட்டுமன்று, அவர்தம் பெற்றோரும், மேடைதோறும் மொழிப்பற்றை முழங்குவோருங்கூட வாய் திறவார்.

‘காமூஸ்’ என்பது அரபு மொழியிற் பெருங்கடலைக் குறித்த சொல். 1329ஆம் ஆண்டிற் பாரசீக நாட்டிற் பிறந்த பீரூஸாபாதீ என்னும் அறிஞர், தாம் தொகுத்த அகராதிக்குச் ‘சூழ்ந்த பெருங்கடல்’ எனப் பொருள்படும் ‘அல் காமூஸ் அல் முஹீத்’ என்னும் பெயரைச் சூட்டினார். அந்நூல் பெற்ற புகழினால், நாளடைவில் அகராதி எதுவாயினும் அதனைக் காமூஸ் என்றே மக்கள் அழைக்கலாயினர். ஒரு நூலுக்கு இட்ட பெயர் ஓரினத்து நூல்களுக்கெல்லாம் பெயராயிற்று. அப்பெயரே கடல் கடந்து மலாய் மொழியிற் புகுந்து, இன்று நம் இல்லங்களிலும் வழங்குகின்றது.

அப்பெருங்கடலின் ஆழங் கண்டு, அதனினும் பெரிய கடலொன்றை ஆக்கிய ஒருவரது வாழ்வைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம். வெறும் சரித்திரங் கூறுவது நம் நோக்கமன்று. நம்மிடையே வேரோடிக் கிடக்கும் இரண்டொரு தப்பெண்ணங்களை அச்சரித்திரத்தைக் கொண்டு களைவதே நம் நோக்கம்.

கரகோஷம் பெற்ற இரண்டு பொய்கள்

சின்னாட்களுக்கு முன்னர் ஒரு நகரத்தில் நிகழ்ந்த இலக்கியக் கூட்டத்திற்கு நாம் சென்றிருந்தோம். பேச வந்த அன்பர் இரண்டு கருத்துக்களை வெளியிட்டார். ஒரு மொழியின் உயிர் அதனைத் தாய்ப்பாலோடு பருகினவர்க்கே புலனாகும் என்றும், பிறர் கற்பதெல்லாங் கிளிப்பிள்ளைக் கல்வியே என்றும் உரைத்தது ஒன்று. அகராதி தொகுப்பது கிராணி வேலை, பிறர் எழுதிவைத்ததை எடுத்தெழுதுதலன்றி அதில் அறிவுக்கு இடமேயில்லை என்றது மற்றொன்று. இரண்டுக்குங் கரகோஷம் எழுந்தது. கைதட்டினவர்களுள் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்த நம் இளைஞரும் இருந்தமையே நமக்குப் பெரிதும் வருத்தந் தந்தது.

ஏன் வருத்தம் என்கிறீர்களோ? ‘கல்வி உனக்குப் பிறப்பால் வந்ததன்று, அதன் உயிர் உனக்குப் புலனாகாது’ என்று சொல்லிச் சொல்லியே நம் முன்னோரைப் புத்தகத்தினின்றும் விலக்கி வைத்தார்கள். அதே வாதம் இன்று மொழிப்பற்று என்னும் வேடந் தாங்கி வருகின்றது. பிறப்பைக் கொண்டு பிறனை வெளியே நிறுத்துங் கதவு, நாளைக்கு நம்மையும் வெளியே நிறுத்தும். தன்னைக் கட்டப்போகுங் கயிற்றைத் தானே திரிப்பவனைப்போல் அவ்விளைஞர் கைதட்டினர். இவ்விரண்டு பொய்களுக்கும் விடையாக வாழ்ந்து காட்டியவரே முர்தளா ஸபீதி என்பவர்.

பில்கிராமிலிருந்து கெய்ரோ வரை

இவரை யமன் நாட்டவர் என்று பலர் நெடுங்காலம் நம்பியிருந்தனர். ஸபீதி என்னும் பெயரே அம்மயக்கத்திற்குக் காரணம். ஸபீத் என்பது யமன் நாட்டிலுள்ள பழைய கல்வி நகரம். ஆனால் இவர் பிறந்தது அங்கன்று. இன்றைய உத்தரப் பிரதேசத்தில் ஹர்தோய் மாவட்டத்தைச் சார்ந்த பில்கிராம் என்னும் ஊரில் 1732ஆம் ஆண்டில் இவர் பிறந்தார். நபிகள் நாயகத்தின் வழிவந்தோர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் சையிதுகள் பலர் குடியிருந்த ஊர் அது. கற்றோர் பலரை ஈன்ற ஊருமாம். டில்லியிலே ஷாஹ் வலியுல்லாஹ் என்னும் பேரறிஞரிடம் இவர் பாடங் கேட்டார். இருபது வயது நிரம்புமுன்னரே தாய்நாட்டை விட்டுக் கடல் கடந்தார். பின்னர் அந்நாட்டிற்கு இவர் மீளவேயில்லை.

யமனில் ஸபீத் நகரிற் பயின்றார். மக்காவிலும் மதீனாவிலும் பயின்றார். காமூஸுக்கு விளக்கம் எழுதியவரும் மொராக்கோ நாட்டு பாஸ் நகரத்தவருமாகிய இப்னுத் தய்யிப் என்பாரை ஆசானாகக் கொண்டார். தாயிப் நகரில் அப்துர் ரஹ்மான் அல் ஐதரூஸ் என்னும் பெரியார் எகிப்து நாட்டின் பெருமைகளை எடுத்துரைத்து அங்குச் செல்லுமாறு தூண்ட, 1753ஆம் ஆண்டின் இறுதியிற் கெய்ரோ வந்து சேர்ந்தார். அப்போது அவர்க்கு வயது இருபத்தொன்று. செல்வமில்லை, சுற்றமில்லை, உற்றாரில்லை. கையில் இருந்தது கல்வி ஒன்றே.

இச்செய்திகளை நாம் அறிவதற்குப் பெருந்துணை செய்தவர் அவர்தம் மாணாக்கரும், எகிப்து நாட்டின் பெயர்பெற்ற சரித்திர ஆசிரியருமாகிய அல் ஜபர்த்தீ. தம் சரித்திர நூலில் ஆசானுக்கென்று நீண்டதோர் அத்தியாயம் வகுத்து, அவர் உடுத்த உடையையும் வாழ்ந்த வீதியையும் முதலாக எழுதிவைத்தார். அஃதன்றியும், அந்நூற்றாண்டில் வாழ்ந்தோர் சரிதங்களைத் தொகுக்குமாறு அந்த மாணாக்கரைத் தூண்டியவரும் இவ்வாசானே. டமாஸ்கஸ் நகரத்து முராதீ என்பவர் கேட்டுக்கொண்டதற்கிணங்கத் தொடங்கிய அம்முயற்சியிலிருந்தே ஜபர்த்தீயின் பெருஞ்சரித்திரம் வளர்ந்தது. ஆகவே, அரபு மொழிக்கு ஓரகராதியை மட்டுமன்றி, எகிப்து நாட்டுக்கு ஒரு சரித்திரம் பிறக்கவுங் காரணமாயிருந்தவர் பில்கிராமிற் பிறந்த இவரே என்க.

பதினான்கு ஆண்டு உழைப்பு

நிற்க. இவர் செய்தது யாது? பீரூஸாபாதீயின் காமூஸ் ஏறக்குறைய 60,000 சொற்களைக் கொண்டது எனக் கணக்கிட்டுரைப்பர். ஆயினும் அது சுருக்கத்தின் எல்லையைத் தொட்ட நூல். ‘இது ஊரின் பெயர்’, ‘இது பன்மை’, ‘இது யாவரும் அறிந்தது’ என்று விரித்தெழுதாது, ஒவ்வொன்றிற்கும் ஓரெழுத்தையே குறியாக இட்டுச் செல்வார் அதன் ஆசிரியர். சொல்லுக்குப் பொருள் உண்டு. அப்பொருளுக்குச் சான்று இராது. எந்தக் கவி அவ்வாறு ஆண்டார், எந்த நபிமொழியில் அச்சொல் வந்தது என்பவை காணப்படா. கற்றுத் தேர்ந்தவர்க்கு அது கைவிளக்கு. கற்கப் புகுந்தவர்க்கோ பூட்டிய பெட்டி.

அப்பெட்டியைத் திறக்கத் துணிந்தார் ஸபீதி. காமூஸின் ஒவ்வொரு சொல்லையும் முன்வைத்து அதனைச் சூழ விளக்கம் எழுதினார். சான்றுகளைத் தேடிச் சேர்த்தார். விடுபட்ட சொற்களை அந்தந்த வேரின் கீழ்த் தனித்துக் கொடுத்தார். பிழைபட்ட இடங்களைச் சுட்டினார். எகிப்து நாட்டுச் சிற்றூர்களின் பெயர்களையும், கற்றோர் பெயர்களையும், செடி கொடிகளின் பெயர்களையும், பொதுமக்கள் வாய்மொழியாக வழங்குஞ் சொற்களையுங்கூட விடாது குறித்தார். தாம் நோக்கிய நூல்கள் இவை என்று நூற்றுக்கு மேற்பட்டவற்றை முகவுரையிலேயே வரிசைப்படுத்தினார். 1760ஆம் ஆண்டளவில் தொடங்கிய பணி 1774ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றது. பதினான்கு ஆண்டுகள்! நூலின் பெயர் ‘தாஜுல் அரூஸ்’; ‘காமூஸின் இரத்தினங்களால் இயன்ற மணமகளின் மகுடம்’ என்பது அதன் முழுப்பெயரின் பொருள். அதிலடங்கிய சொற்கள் ஏறக்குறைய 1,20,000 என்பர். மூலநூலைப்போல் இருமடங்கு!

அந்நூலின் முதற்பகுதி முடிந்த காலை, கெய்ரோ நகரத்து அறிஞர்களை விருந்துக்கழைத்து அவர்கள் முன்னிலையில் அதனை வைத்தார். அவர்கள் வியந்து சாற்றுரை வழங்கினர். அசுஹர் பள்ளியை அடுத்துத் தாம் எழுப்பிய பள்ளிவாயிலில் நூல்நிலையம் அமைத்த முஹம்மது பே அபூதஹப் என்னும் ஆட்சித்தலைவர், இந்நூல் இல்லாத நூல்நிலையம் நிறைவுறாதென்று கேட்டு, 1,00,000 வெள்ளித் திர்ஹம் கொடுத்து ஒரு படியைப் பெற்றார் என்று ஜபர்த்தீ எழுதுகின்றார். அச்சுப்பொறி அந்நாட்டில் நிலைபெறாத காலம் அது. ஒவ்வொரு படியுங் கையால் எழுதப்படல் வேண்டும். அதுபற்றியே அவ்வளவு விலை!

தாய்ப்பால் வாதம்

இப்பொழுது அக்கூட்டத்து அன்பரின் முதல் வாதத்தை நோக்குவோம். தாய்ப்பாலோடு பருகினவர்க்கே மொழியின் உயிர் புலனாகும் என்பது உண்மையாயின், அரபு மொழியின் கதி என்னவாகியிருக்கும்? அம்மொழிக்கு இலக்கண நூல் செய்து, இன்றளவும் அத்துறையில் முதல்வராக வைத்துப் போற்றப்படுஞ் சீபவைஹி பாரசீகர். சொற்களைக் கடையெழுத்து வரிசையில் அடுக்கும் முறையைப் பரவச் செய்து ‘ஸிஹாஹ்’ என்னும் அகராதியைத் தந்த ஜவ்ஹரீ, மத்திய ஆசியாவிலுள்ள பாராப் என்னும் ஊரினர். காமூஸின் ஆசிரியரும் பாரசீக நாட்டிற் பிறந்து, பல நாடுகளிற் சுற்றி, முடிவில் யமனில் நீதித் தலைவராயிருந்து, அதே ஸபீத் நகரில் 1415ஆம் ஆண்டிற் காலமானவர். அக்காமூஸுக்கு மகுடஞ் சூட்டியவரோ கங்கைச் சமவெளியிற் பிறந்தவர். இவர்களையெல்லாம் ‘கிளிப்பிள்ளைகள்’ என்று ஒதுக்கிவிட்டால் அம்மொழியில் இலக்கணம் ஏது? அகராதி ஏது?

இன்னுஞ் சொல்வோம். தாய்மொழியாக ஒன்றைப் பெற்றவன் அதனை மூச்சுவிடுவதுபோற் பேசுகின்றான். ஆராய வேண்டும் என்னும் எண்ணம் அவனுக்கு எழுவதில்லை. வெளியிலிருந்து வந்தவனோ ஒவ்வொரு சொல்லையும் நின்று நோக்குகின்றான். ஏன், எவ்வாறு என்று வினவுகின்றான். அவ்வினாவே அகராதிக்கு வித்து. இதற்கு அயல்நாட்டுச் சான்று மட்டுமோ உண்டு? ஸபீதி பிறந்த அதே 1732ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டிற் பிறந்த வீரமாமுனிவர் சதுரகராதியைத் தமிழுக்கு ஆக்கித் தந்தார். அம்முனிவர் தமிழைத் தாய்ப்பாலோடு பருகினவரல்லர். ஆயினும் அவரைத் தமிழரல்லர் என்று தள்ளிவிட நம்மில் எவர்க்கேனும் நா எழுமோ? எழாது. எழாதாயின், மேடையில் மட்டும் அந்நாவை ஏன் அவிழ்த்து விடுகின்றோம்?

இனி, ‘ஸபீதி எங்கள் இந்தியாவின் மைந்தர், ஆகவே அப்பெருமை எங்களது’ என்று மார்தட்டுவோரும் உண்டு. அவர்களுக்கும் நாம் கூறுவோம்: அதுவும் அதே பிறப்புவாதந்தான், உடையை மாற்றிக்கொண்டு வந்தது. ஓர் ஊரிற் பிறந்தமையால் அவ்வூரார்க்கு ஒருவரது உழைப்பு உடைமையாகிவிடாது. அவர் எழுதியவற்றுள் ஓரேட்டையேனும் புரட்டிப் பார்த்தவனுக்கே அவர் உரியர். ஸபீத் நகரம் இவரைத் தன் பெயராற் குறிக்கின்றது. பில்கிராம் தன் மகவென்கின்றது. கெய்ரோ தன் மண்ணில் அடக்கஞ் செய்துகொண்டது. மொழியோ இம்மூன்றையுங் கேளாது இவரைத் தன்னவராக்கிக்கொண்டது.

கிராணி வேலை என்னும் இகழ்ச்சி

இரண்டாம் வாதத்திற்கு வருவோம். அகராதி வெறும் எடுத்தெழுதல் என்பதற்குச் சான்று வேண்டுவோர், ஆங்கில அறிஞர் எட்வர்ட் வில்லியம் லேன் கூறியதைக் காட்டக்கூடும். அவரே 1863ஆம் ஆண்டு முதல் வெளிவந்த அரபு–ஆங்கிலப் பேரகராதியின் ஆசிரியர். தாஜுல் அரூஸை அடிப்படையாக வைத்தே தம் நூலை அவர் கட்டினார். கெய்ரோவில் அமர்ந்து அதன் படியை எழுதுவித்துப் பெற அவருக்குப் பல ஆண்டுகள் சென்றன. பின்னர் அதனை ‘லிஸானுல் அரப்’ என்னும் பழைய அகராதியோடு ஒப்புநோக்கியபோது, ஸபீதி சேர்த்தவற்றிற் பெரும்பகுதி அந்நூலிலிருந்தே எடுக்கப்பட்டது என்று கண்டு அதனைத் தம் முகவுரையில் எழுதினார். லிஸானுல் அரப் 1312ஆம் ஆண்டிற் காலமான இப்னு மன்ளூர் என்பார் செய்தது.

இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மறைப்பது பக்தனுக்கு அழகாகலாம், வாசகனுக்கு அழகன்று. ஆனால் கேட்கிறோம்: லிஸானுல் அரபைத் தாம் பயன்படுத்தியதை ஸபீதி ஒளித்தாரா? இல்லை. முகவுரையிற் கூறும் மூலநூல்களுள் அதனையும், அதன் எத்தகைய படி தம் கைக்குக் கிடைத்தது என்பதையும் வெளிப்படையாக எழுதினார். கடன் வாங்கினவன் கடனைக் கணக்கிற் காட்டிவிட்டால் அவன் கள்வனல்லன், நாணயமுள்ளவன். ஒரு நூலில் இருப்பதை மற்றொன்றோடு பொருத்தி, முரண்பட்ட இடத்திற் தீர்ப்பளித்து, இல்லாததைச் சேர்த்து, 1,20,000 சொற்களை ஓரொழுங்கில் நிறுத்துவதற்கு அறிவு வேண்டாமோ? அவ்வாறு எடுத்தெழுதுவது எளிதெனில், இகழ்கின்ற அன்பர் பதினான்கு ஆண்டு வேண்டா, பதினான்கு நாள் அமர்ந்து ஓரெழுத்துக்குரிய சொற்களைத் தொகுத்துக் காட்டுவாராக!

லேன் அவர்களும் அவ்வுழைப்பை இகழவில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். 1876ஆம் ஆண்டிற் சாகும் வரையில் அந்நூலோடேயே அவர் வாழ்ந்தார். எஞ்சிய பகுதிகளை அவருக்குப்பின் அவர் குடும்பத்தவராகிய ஸ்டான்லி லேன்பூல் வெளியிட, எட்டாம் பகுதி 1893ஆம் ஆண்டில் வெளிவந்தது. இன்றுவரை ஆங்கிலத்தின் வாயிலாக அரபு பயில்வோர் அந்நூலைத் திறக்குந்தோறும் பில்கிராமின் மைந்தர் பேசுவதையே கேட்கின்றனர். பலர் அதனை அறியார்.

பால்மரம் வெட்டிய நம் மக்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டுவதில்லை. விடியுமுன் எழுந்து, மரந்தோறுங் கோடு கீறி, சொட்டுச் சொட்டாய் வடிவதைக் கோப்பையிற் சேர்த்து, வாளியிலே ஊற்றிச் சுமந்து வந்தவர்கள் அவர்கள். ஒரு சொட்டைப் பார்த்து ‘இது என்ன பெரிது’ என்பவன் ஒரு நாளும் மரம் வெட்டியவனல்லன். அகராதிப் பணியும் அத்தகையதே.

பெண்டிரும் பிள்ளைகளும்

ஸபீதி அகராதி ஆசிரியர் மட்டுமல்லர். நபிமொழிக் கலையிலும் வல்லவர். இமாம் கஸ்ஸாலியின் ‘இஹ்யா’ என்னும் பெருநூலுக்கும் விரிவுரை எழுதியவர். மொராக்கோ முதலிய மேலை நாடுகளிலிருந்து ஹஜ்ஜுக்குச் செல்வோர் கெய்ரோவில் இவரைக் காணாது சென்றால் தம் யாத்திரை நிறைவுறவில்லை என்றே எண்ணினர் என்று ஜபர்த்தீ எழுதுகின்றார். தம்மை நாடி வந்தோரின் பெயரையும் ஊரையும் ஏட்டிற் குறித்துவைப்பது இவர் வழக்கம். தாம் அறிந்த அறுநூற்றுக்கு மேற்பட்டோரின் சரிதங்களைத் தொகுத்து ஒரு நூலும் எழுதினார்.

ஜபர்த்தீ கூறும் மற்றொரு செய்தியே நம் நெஞ்சை மிகவுந் தொடுகின்றது. நகரத்துப் பெரியோர் இவரைத் தம் இல்லத்திற்கு அழைப்பர். இவர் மாணாக்கரோடும் எழுத்தரோடுஞ் செல்வார். நபிமொழிகள் படிக்கப்பெறும். வீட்டு ஆடவரும் நண்பரும் முன்னே அமர்ந்து கேட்பர். பெண்டிரும் பெண்மக்களுந் திரைக்குப் பின் அமர்ந்து கேட்பர். படித்து முடிந்தபின் கேட்டவர் அனைவரின் பெயரையும் எழுத்தர் எழுதுவார். பெண்களின் பெயரும், சிறுவர் சிறுமியரின் பெயருங்கூட அப்பட்டியலில் இடம்பெறும். நாளுங் குறிக்கப்படும். ‘இது மெய்’ என்று ஆசான் கையொப்பமிடுவார்.

திரை இருந்தது உண்மை. அக்காலத்து வழக்கம் அது. ஆயினும் பெயர் எழுதப்பட்டது! கேட்டவள் இன்னாள் என்று ஏட்டில் நின்றது! 18ஆம் நூற்றாண்டிற் கெய்ரோ நகரத்து வீட்டுச் சிறுமியின் பெயர் கற்றோர் பட்டியலில் ஏறிற்று. நம் தோட்டங்களில் எத்தனை பெண்மக்கள், எழுதத் தெரிந்தும், சம்பளப் புத்தகத்தையன்றி வேறெந்த ஏட்டிலுந் தம் பெயரைக் காணாது மாண்டனர்! இன்றும் ஆண்பிள்ளைக்குப் புத்தகமும் பெண்பிள்ளைக்கு அடுப்பங்கரையும் என்று பிரித்து வைக்கும் பெற்றோர் இதனைப் படித்து வெட்குவார்களாக.

உறங்கிய நூற்றாண்டு எனும் கதை

இன்னுமொரு தப்பெண்ணத்தையும் ஈண்டே முடித்துவிடுவோம். 1798ஆம் ஆண்டில் நெப்போலியன் எகிப்தில் வந்திறங்கும் வரையில் அந்நாடு உறங்கிக் கிடந்தது என்றும், ஐரோப்பியர் வந்தே அதனை எழுப்பினர் என்றும் பலர் நெடுங்காலமாக எழுதிவந்தனர். நம்மவரும் அதனை அப்படியே ஒப்பித்துவந்தனர். நெப்போலியன் வருவதற்கு இருபத்துநான்கு ஆண்டுகளுக்கு முன்னரே தாஜுல் அரூஸ் முடிந்துவிட்டது. மொராக்கோவிலிருந்தும், சூடான் நாடுகளிலிருந்தும், ஹிஜாஸிலிருந்தும், துருக்கியிலிருந்தும் ஒரு மனிதரது வீட்டு வாயிலை நோக்கிக் கடிதங்களும் மாணாக்கரும் வந்த வண்ணமாயிருந்த நகரத்தை உறங்கியதென்று எங்ஙனங் கூறுவது? ஜெர்மானிய அறிஞர் ஸ்டெஃபான் ரைக்முத் 2009ஆம் ஆண்டில் ஸபீதியின் உலகத்தைப் பற்றியே ஒரு பெருநூல் வெளியிட்டார். அவ்வுலகம் எத்துணைப் பரந்தது என்பதை அந்நூல் காட்டுகின்றது. உறங்கியது அந்நூற்றாண்டன்று, அதனைப் படியாத நம் கண்களே உறங்கின.

இறுதி நாட்கள்

இத்தகையவர் புகழின் உச்சியில் இருந்தபோது அதனைத் துறந்தார். உதுமானியத் தலைநகருக்கு வருமாறு அழைப்பு வந்த காலை, முதலில் இசைந்து பின்னர் மறுத்தார். 1782ஆம் ஆண்டளவில் அவர் மனைவியார் ஸுபைதா காலமானார். அத்துயரம் அவரைப் பெரிதும் வாட்டிற்று. மனைவியாரின் அடக்கத்தலத்தை அடுத்தே பன்னாட்கள் தங்கினார். இரங்கற் பாக்கள் பல இயற்றினார். நாளடைவில் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு, பாடஞ் சொல்வதை விட்டு, பெரியோர் அனுப்பும் பரிசுகளையுந் திருப்பியனுப்பலானார். மொராக்கோ மன்னர் அனுப்பிய பரிசையும் ஏற்றாரல்லர்.

1791ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்திற் கெய்ரோவைக் கொள்ளைநோய் பற்றியது. ஒரு வெள்ளிக்கிழமை தம் வீட்டுக்கெதிரேயுள்ள பள்ளியிற் தொழுது திரும்பியவரை அந்நோய் பிடித்தது. அன்றிரவே பேச்சு நின்றது; ஞாயிற்றுக்கிழமை உயிர் நீங்கிற்று. வீட்டிலிருந்த அரும்பொருள்களை அகற்றும் பொருட்டு, இரண்டாம் மனைவியாரும் அவர் உறவினரும் அச்சாவை ஒருநாள் மறைத்துவைத்தனர் என்று ஜபர்த்தீ வருந்தி எழுதுகின்றார். நகரமெங்குஞ் சாவு நிறைந்திருந்தமையால் அசுஹர் அறிஞருக்குஞ் செய்தி எட்டவில்லை. முந்திய மனைவியாரின் பக்கலிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவருக்கு மக்கட்பேறில்லை.

மக்கட்பேறில்லாத அவரது பெயரைக் காத்தது எது? அரண்மனையா? பொருளா? உறவினரா? அச்சாவை மறைத்தவர்கள் கொண்டுபோன பொருள் என்னவாயிற்றென்று கேட்பாரில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சொற்குவியலோ 1888 முதல் 1890 வரையில் கெய்ரோவிற் பத்துப் பகுதிகளாய் அச்சேறிற்று. 1965ஆம் ஆண்டிலிருந்து 2001ஆம் ஆண்டு வரை குவைத் நாட்டரசு நாற்பது பகுதிகளாகப் பதிப்பித்தது.

நாம் செய்யத்தக்கது

தோட்டத்திலும் நகரத்திலும் வாழுந் தமிழ் மக்களே! அரபு அகராதி ஆசிரியர் ஒருவரைப் பற்றி நமக்கென்ன என்று கேட்பீராயின், நீவிர் நாடோறும் வழங்குஞ் சொற்களை எண்ணிப் பாரும். வசூல், பாக்கி, ரத்து, ஆஜர், கைதி, வக்கீல், இனாம், மகசூல் என்பனவெல்லாம் அரபு மூலத்திலிருந்து பிற மொழிகளின் வழியே நம்மை வந்தடைந்தவை. சொற்களுக்குச் சாதியில்லை, அவை போகுமிடமெல்லாங் குடியேறி உழைக்கின்றன, நம் முன்னோரைப்போல.

அம்முன்னோர் இம்மண்ணில் ஆக்கிய சொற்களும் உள. கித்தா மரம், பெரட்டு, லயம், தண்டல், ஆயாக் கொட்டகை என்று நம் பாட்டிமார் பேசிய சொற்கள் எத்தனை! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபின், அச்சொற்களைத் தொகுத்து வைத்தோர் எத்தனை பேர்? எகிப்து நாட்டுச் சிற்றூர்ப் பெயர்களை ஒன்றுவிடாது குறிக்க, எங்கோ பிறந்த ஒருவர் முன்வந்தார். நம் சிற்றூர்ச் சொற்களைக் குறிக்க நம்மில் ஒருவர் முன்வரக் கூடாதோ? மேடையிற் கரகோஷம் பெறும் பேச்சு மறுநாளே மறைந்துபோகும். ஒரு பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, ஒரு சொல்லைக் கேட்டு, அதன் பொருளையும், சொன்னவர் பெயரையும், கேட்ட நாளையும் ஒரு பள்ளிப் பிள்ளை தன் ஏட்டிற் குறித்துவைத்தால், அது நிற்கும்.

வீட்டுக்கு ஓரகராதி வாங்குமின். பெண்பிள்ளைக்கும் அதனைத் திறக்கக் கற்பியுமின். ‘இம்மொழி உனக்குரியதன்று’ என்று பிறப்பைக் காட்டி எவனேனும் உம்மைத் தடுத்தால், பில்கிராமிற் பிறந்து அரபு மொழிக்கு மகுடஞ் செய்தவரின் பெயரைச் சொல்லுமின். மொழி அதற்கு உழைப்பவர்க்கே உரியது. அவ்வுழைப்பை இன்றே தொடங்குமின் என்பதே நமது வேண்டுகோள்.